தை முதல் நாளும் கதிரவன் திரும்பும் நாளும்

சுவாமி விவேகானந்தர் 1863ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி பிறந்தார். அன்று மகர சங்கராந்தி என்பதை அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். தமிழ்க் கணக்கில் அது துந்துபி ஆண்டின் தை முதல் நாள். இன்று அதே ஜனவரி 12 தேசிய இளைஞர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பொங்கலோ அதற்கு இரண்டு அல்லது மூன்று நாள் கழித்து, 14ஆம் தேதியிலோ 15ஆம் தேதியிலோ வருகிறது. விவேகானந்தர் பிறந்த தேதி நகரவில்லை. பொங்கல்தான் நூற்று அறுபது ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டரை நாள் தள்ளிப் போயிருக்கிறது.

தீபாவளியும் ரம்ஜானும் சந்திரனைப் பார்த்து வருவதால் தேதி மாறும், பொங்கல் சூரியனைப் பார்த்து வருவதால் மாறாது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் சிறு வயதில் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஒரு மனிதரின் ஆயுளுக்குள் அது ஏறக்குறைய உண்மைதான். ஆனால் சூரியனைக் கொண்டு அளக்கும் ஆண்டு வானத்தில் ஒன்றாக இல்லை, இரண்டாக இருக்கிறது; தமிழர் ஆண்டு அவற்றில் ஒன்றையும், உலகம் முழுவதும் புழங்கும் ஆங்கில ஆண்டு மற்றொன்றையும் பிடித்துக்கொண்டு நடக்கின்றன. இந்த வேறுபாட்டை நம் பஞ்சாங்கங்களும் தினசரிக் காலண்டர்களும் வாசகருக்கு எடுத்துச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. சொல்லாததால், தை முதல் நாளன்றுதான் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புகிறான் என்று படித்தவர்களும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சூரியன் வானத்தில் ஒரு விண்மீனுக்கு நேரே இருந்து புறப்பட்டு, இராசி மண்டலத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் அதே விண்மீனுக்கு நேரே வந்து சேர 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 நொடி ஆகிறது. இது நட்சத்திர ஆண்டு. நம் சோதிட நூல்களின் வழக்கில் நிராயனம். பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் மாதச் சமநாளிலிருந்து அடுத்த மார்ச் சமநாள் வரை எண்ணினால், சராசரியாக 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 நொடிதான் வருகிறது. இது பருவ ஆண்டு, வழக்கில் சாயனம். வெயிலும் மழையும் பனியும் பகலின் நீளமும் இந்த இரண்டாவது ஆண்டுக்கே கட்டுப்பட்டவை. இரண்டுக்கும் இடையே இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமான வேறுபாடு உண்டு. ஓர் ஆண்டில் அதை யாரும் உணர முடியாது. எழுபது ஆண்டுகளில் அது ஒரு நாளாகிவிடும்.

சுழலும் பம்பரத்தின் தலை மெல்ல வட்டமிடுவதைப் போலவே பூமியின் அச்சும் வட்டமிடுகிறது என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஒரு வட்டம் முடிய ஏறத்தாழ 25,800 ஆண்டுகள் ஆகின்றன. அச்சு சாயும் திசை மாறிக்கொண்டே இருப்பதால், சமநாளில் சூரியன் நிற்கும் புள்ளி விண்மீன்களுக்கிடையே மேற்கு நோக்கி ஆண்டுக்கு 50 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு) அளவு, அதாவது 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் பின்வாங்குகிறது. சூரியன் எதிர்த் திசையில் வருவதால், பின்வாங்கி எதிரே வரும் அந்தப் புள்ளியை விண்மீனுக்கு முன்பாகவே எட்டிவிடுகிறது. நம் நூல்கள் இதை அயனச் சலனம் என்றும், இதுவரை விலகிய தொலைவை அயனாம்சம் என்றும் வழங்குகின்றன. அந்த அயனாம்சம் இன்று 24 பாகையைத் தாண்டிவிட்டது.

ஐரோப்பியர் பருவ ஆண்டையே பிடித்துக்கொள்ள விரும்பினார்கள். ஆனால் அதைச் சரியாக அளந்து பிடிக்க அவர்களுக்கும் பல நூற்றாண்டுகள் ஆயின. ஜூலியஸ் சீசர் வகுத்த நாட்காட்டியில் நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் ஆண்டு தவறாமல் வரும். சராசரி ஆண்டு 365 நாள் 6 மணி. பருவ ஆண்டைவிட இது 11 நிமிடம் 15 நொடி நீளமானதால் 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகியது. கி.பி. 325இல் நைசியாவில் கூடிய கிறித்தவப் பேரவைக் காலத்தில் மார்ச் 21 வாக்கில் இருந்த சமநாள், 1582க்குள் மார்ச் 11க்கு வந்துவிட்டது. ஈஸ்டர் பண்டிகையின் நாளை மார்ச் 21 என்ற சமநாளை வைத்தே கணக்கிட்டதால், திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி அந்த ஆண்டில் பத்து நாட்களை எடுத்துவிட ஆணையிட்டார். அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை ஆனது. நூற்றாண்டு ஆண்டுகளில் 400ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டு என்ற விதியும் அப்போது வந்தது. இப்போதைய சராசரி 365 நாள் 5 மணி 49 நிமிடம் 12 நொடி. பருவ ஆண்டோடு ஒப்பிட்டால் மிகுதி 27 நொடி மட்டுமே. ஒரு நாள் பிசகுவதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இந்தத் திருத்தத்தைக் கத்தோலிக்க நாடுகள் உடனே ஏற்றன. இங்கிலாந்து 1752 வரை ஏற்கவில்லை. இதனால் தமிழ்க் கடற்கரையிலேயே நேர்ந்த ஒரு விந்தையை நம் வரலாற்றுப் பாடங்கள் கண்டுகொள்வதில்லை. பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில் புதிய நாட்காட்டியும் ஆங்கிலேயரின் சென்னையில் பழைய நாட்காட்டியும் புழங்கின. 1746இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் படை சென்னைக் கோட்டையைப் பிடித்த நாள் ஆங்கிலேயரின் ஏடுகளில் செப்டம்பர் 10; பிரெஞ்சுக்காரரின் ஏடுகளில் செப்டம்பர் 21. நூற்று ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்த இரண்டு ஊர்களுக்கு இடையே பதினொரு நாள் வேறுபாடு. ஆனால் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் அன்று புதன்கிழமைதான். தேதிகளை எடுத்தபோதும் திருத்தியபோதும் கிழமையின் வரிசையை எவரும் தொடவில்லை. புதுச்சேரியில் அமர்ந்து நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை ஐரோப்பியத் தேதியோடு தமிழ் ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றையும் சேர்த்தே எழுதுவார். அவருடைய கணக்கில் அது அட்சய ஆண்டின் புரட்டாசி மாதம். சென்னையில் இருந்த தமிழருக்கும் அதே அட்சய, அதே புரட்டாசி. ஐரோப்பியர் இருவரும் ஒத்துப்போகாத அந்தக் காலத்தில் இந்த இரண்டு நகரங்களையும் ஒரே தேதியில் வைத்திருந்தது தமிழ் மாதக் கணக்கு என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்தக் கணக்கு எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் அழகை நாம் போதிய அளவு போற்றவில்லை. தமிழ் ஆண்டில் லீப் ஆண்டு விதி என்று எதுவும் கிடையாது. பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்க மரபில் ஆண்டின் நீளம் 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாடி 24 நொடி, அதில் அறுபதில் ஒரு பங்கு தற்பரை. இன்றைய கடிகாரக் கணக்கில் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 நொடி. ஆரியபட்டர் கொடுத்த யுகக் கணக்கிலிருந்து நேரே வரும் அளவு இது. சூரியன் ஒவ்வோர் இராசியையும் கடக்கும் காலமே மாதத்தின் நீளம். ஆனி மாதத்துக்கு 31 நாள் 36 நாழிகை 38 விநாடி. மார்கழிக்கு 29 நாள் 20 நாழிகை 53 விநாடி. இந்த ஏற்றத்தாழ்வு யாரோ மனம்போன போக்கில் பிரித்ததால் வந்ததில்லை. பூமி ஜூலைத் தொடக்கத்தில் சூரியனிடமிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் மெதுவாகவும், ஜனவரித் தொடக்கத்தில் மிக அருகில் இருப்பதால் விரைவாகவும் செல்கிறது. மெதுவாகச் செல்லும் பகுதியில் வரும் ஆனி நீண்டும், விரைந்து செல்லும் பகுதியில் வரும் மார்கழி குறுகியும் அமைகின்றன. பிப்ரவரிக்கு 28 நாள் ஏன் என்று கேட்டால் வானத்தைக் காட்டி விடை சொல்ல முடியாது. மார்கழிக்கு 29 நாள் ஏன் என்று கேட்டால் சொல்லலாம்.

சூரியன் ஓர் இராசிக்குள் நுழையும் கணம் நள்ளிரவிலும் வரலாம், நண்பகலிலும் வரலாம். தமிழ்நாட்டு வழக்கில் அது சூரியன் மறைவதற்கு முன் நேர்ந்தால் அன்றே மாதத்தின் முதல் நாள். மறைந்த பின் நேர்ந்தால் மறுநாள். கேரளத்தில் எல்லை நண்பகலுக்குச் சற்றுப் பின்னரே முடிந்துவிடுகிறது. அதனால்தான் 2023இல் நமக்குச் சித்திரை ஏப்ரல் 14இல் பிறக்க, அவர்கள் விஷுவை 15இல் கொண்டாடினார்கள். மிகுதியாகும் 15 நாழிகையும் சொச்சமும் நான்கு ஆண்டுகளில் ஒரு நாளாகத் திரண்டு, ஏதேனும் ஒரு மாதத்தில் தானாகவே ஒரு நாள் கூடிவிடும். விதி வகுத்து நாளைக் கூட்ட வேண்டிய தேவையே இல்லை.

இத்தனை நுட்பமான கணக்குக்கு ஒரே ஒரு குணம் உண்டு: அது விண்மீன்களை நோக்கியது. பருவ ஆண்டைவிட வாக்கிய ஆண்டு 23 நிமிடம் 45 நொடி நீளம். இதில் இருபது நிமிடம் அயனச் சலனத்தால் வருவது. எஞ்சிய மூன்று நிமிடம் 20 நொடி, பழைய அளவு உண்மையான நட்சத்திர ஆண்டைவிடச் சற்றே மிகுந்திருப்பதால் வருவது. ஆக, ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கு ஒரு நாள், பிரபவ முதல் அட்சய வரை ஒரு சுற்றுக்கு ஒரு நாள் என்று, தமிழ் ஆண்டு பருவங்களிடமிருந்து விலகுகிறது. ஆரியபட்டர் தம் கணக்குக்கு அடிப்படையாகக் கொண்ட கி.பி. 499இல் சூரியன் மேஷ இராசியில் நுழையும் மேஷ சங்கராந்தியும் மார்ச் சமநாளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அதிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அறுபதால் வகுத்தால் கிடைப்பது 25 நாள். சமநாள் மார்ச் 20இல் இருக்க, சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14இல் நிற்பதற்குக் காரணம் இதுவே. ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்தில், 1746இல், சித்திரை பிறந்தது புதுச்சேரித் தேதியில் ஏப்ரல் 9, 10 வாக்கில்; சென்னைத் தேதியில் மார்ச் மாதக் கடைசியில்.

இதே விலகல்தான் தையிலும் இருக்கிறது. சூரியன் தெற்கு எல்லையைத் தொட்டு வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். தமிழ்க் கணக்கில் மார்கழி 6 அல்லது 7. எங்கள் மொட்டை மாடியில் ஒரு மீட்டர் உயரக் கோலை நட்டு அதன் நண்பகல் நிழலை மார்கழியில் குறித்து வருவது என் வழக்கம். சென்னையின் அட்சரேகையில் அந்த நிழல் மார்கழி 6 வாக்கில் 74 செ.மீ. வரை நீள்கிறது, தை முதல் நாளில் 69 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஐந்து செ.மீ. என்பது ஒரு பள்ளிச் சிறுமியும் அடிக்கோல் வைத்துப் பார்த்துவிடக்கூடிய வேறுபாடு. பொங்கல் பானையை அடுப்பில் ஏற்றும்போது சூரியன் திரும்பி மூன்று வாரங்களுக்கு மேலாகிவிட்டது. ஆடி முதல் நாளைத் தட்சிணாயனத்தின் தொடக்கம் என்கிறோம். ஜூன் 21லேயே, ஆனி 7 வாக்கிலேயே, சூரியன் தெற்கே திரும்பிவிடுகிறான்.

நிழலை வைத்து நாளைச் சோதிப்பது தமிழுக்குப் புதிதில்லை. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு நூலிட்டு இடம் வகுக்கும் காட்சி வருகிறது. இரண்டு கோல்களை நட்டு, சூரியன் எந்தப் பக்கமும் சாராமல் நிற்கும் நண்பகலைக் கண்டு திசை குறிக்கிறார்கள். பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கொள்ளப்படும் நச்சினார்க்கினியர் இந்த இடத்துக்கு உரை எழுதும்போது, சித்திரைத் திங்களின் நடுப் பத்து நாட்களுள் ஒன்று என்று நாளையும் சொல்கிறார். இந்த உரைவரி என்னை நெடுநாள் பிடித்து வைத்திருந்தது. மதுரையில் நண்பகல் நிழல் முற்றிலும் மறையும் நாள், இன்றைய தேதியில் சொன்னால், ஏப்ரல் 15 அல்லது 16. அது பருவ ஆண்டைச் சேர்ந்த நிகழ்ச்சி. ஆங்கிலத் தேதியில் ஏறத்தாழ அசையாது. தமிழ்த் தேதியில் இன்று அது சித்திரை 2 அல்லது 3. நடுப் பத்தை எட்டவே இல்லை. நான் வாக்கிய ஆண்டின் நீளத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்த்தேன். பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் சித்திரை முதல் நாள், இன்றைய முறைத் தேதியில், ஏப்ரல் 3 அல்லது 4இல் வந்திருக்கும். மதுரையில் நிழல் மறையும் நாள் அப்போது சித்திரை 12, 13 வாக்கில், நடுப் பத்துக்கு உள்ளேயே விழுகிறது. உரையாசிரியர் தம் காலத்து வானத்துக்குப் பொருந்தும் நாளைத்தான் சொன்னார் என்று கொள்ள எனக்கு இது போதிய ஆதாரமாகப் படுகிறது. அவருடைய வரியை மாற்றாமல் இன்று மதுரையில் பின்பற்றினால் கோலின் நிழல் தெற்கே சாய்ந்திருக்கும்.

நம் முன்னோருக்கு இந்த நகர்ச்சி தெரியாமல் இல்லை. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர், பழைய நூல்களில் தட்சிணாயனம் ஆயில்யத்தின் பாதியிலும் உத்தராயணம் அவிட்டத்தின் தொடக்கத்திலும் தொடங்கியதாகச் சொல்லப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டி, தம் காலத்தில் அவை கடகத்தின் முதலிலும் மகரத்தின் முதலிலும் தொடங்குகின்றன என்று எழுதினார். அதோடு நிற்காமல், சூரியன் எழும் அல்லது மறையும் இடத்தைத் தொலைவில் உள்ள ஓர் அடையாளத்தோடு ஒப்பிட்டும், பெரிய வட்டம் வரைந்து அதனுள் நட்ட கோலின் நிழல் நுழைந்து வெளியேறுவதைப் பார்த்தும் அயனத்தைச் சோதித்துக்கொள்ளச் சொன்னார். என் பார்வையில் இந்திய வானியலின் மிக உயர்ந்த பகுதிகளுள் இது ஒன்று. நூல் சொல்வதையும் வானம் சொல்வதையும் அவர் அருகருகே வைத்துப் பார்த்தார். வேறுபட்டபோது வானத்தின் பக்கம் நின்றார். மகரத்தின் முதலில் உத்தராயணம் என்று நாம் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது அவர் தம் காலத்துக்குச் சரியாகச் சொன்னதைத்தான். சோதித்துக்கொள் என்று சொன்னதை மட்டும் விட்டுவிட்டோம்.

சூரிய சித்தாந்தம் அயனச் சலனத்தை வேறு விதமாக விளக்கியது. சமநாள் புள்ளி ஆண்டுக்கு 54 விகலை வீதம் 27 பாகை வரை ஒரு பக்கம் போய், பின் திரும்பி வந்து மறுபக்கம் 27 பாகை போகும் என்பது அதன் கருத்து. வீதம் உண்மைக்கு அருகில்தான் இருக்கிறது. திரும்பி வரும் என்பதுதான் வானத்தில் நிகழ்வதில்லை. புள்ளி ஒரே திசையில் முழுச் சுற்றும் போகிறது. விலகல் தானாகச் சரியாகிவிடும் என்று சில பஞ்சாங்கப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நம்பிக்கையின் வேர் இங்கே இருக்கிறது.

இந்த இடத்தில் வாக்கியமா திருக்கணிதமா என்ற பழைய விவாதம் எழும். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நேரில் அளந்த வானியல் கணக்கைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். திதி, கிரகணம், கோள்களின் இடம் ஆகியவற்றில் திருக்கணிதம் வானத்தோடு ஒத்துப்போகிறது. வாக்கியம் ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. 2023இல் திருக்கணிதப்படி சனிப் பெயர்ச்சி ஜனவரியில் வர, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அது டிசம்பரில் நடந்ததை நினைவுகூரலாம். ஆனால் திருக்கணிதத்துக்கு மாறினால் பொங்கல் பருவத்தோடு பொருந்திவிடும் என்று பலர் எண்ணுவது பிழையான எண்ணம். திருக்கணிதமும் நிராயனமே. அது வாக்கிய ஆண்டில் மிகுந்திருக்கும் மூன்று நிமிடத்தைத் திருத்துகிறது. இருபது நிமிடத்தைத் தொடுவதே இல்லை. அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் விலகுவது எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் என்று ஆகும், அவ்வளவே.

இருபது நிமிடத்தையும் தொட முயன்றவர் வானியற்பியல் அறிஞர் மேகநாத சாஹா. 1952 நவம்பரில் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவர். நாடெங்கும் வழங்கிய முப்பது வகை நாட்காட்டிகளைத் திரட்டி ஆராய்ந்த அந்தக் குழுவின் அறிக்கை 1955இல் வெளிவந்தது. ஆண்டின் நீளத்தில் உள்ள மிகுதியால் நம் ஆண்டுப் பிறப்பு 1,400 ஆண்டுகளில் 23 நாள் நகர்ந்துவிட்டது என்று அது எடுத்துக்காட்டியது. சமநாளுக்கு மறுநாளான மார்ச் 22இல், லீப் ஆண்டில் மார்ச் 21இல், சைத்திரம் தொடங்கும் புதிய தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 அன்று, சக ஆண்டு 1879இன் முதல் நாளாக நடைமுறைக்கு வந்தது. முதல் மாதத்துக்கு 30 நாள், அடுத்த ஐந்துக்கு 31, கடைசி ஆறுக்கு 30 என்று மாதங்களை வகுத்ததில் சூரியனின் மெது நடையும் விரைந்த நடையும் மதிக்கப்பட்டிருக்கின்றன. வானியல் நோக்கில் இதைவிடச் செம்மையான நாட்காட்டியை எளிதில் கற்பனை செய்ய முடியாது. ஆனால் அரசிதழின் முகப்பிலும் வானொலி அறிவிப்பிலும் தவிர அதைப் பார்ப்பது அரிது. எந்த வீட்டிலும் அந்தக் கணக்கில் குழந்தைக்குப் பெயர் வைத்ததாகவோ, திருமணத்துக்கு நாள் குறித்ததாகவோ நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்குச் சாஹாவிடம் பெருமதிப்பு உண்டு. இருந்தும் தமிழ் மாதங்களை இருபத்து நான்கு நாள் முன்னே இழுக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். நட்சத்திர ஆண்டு பிழையான ஆண்டு என்று யாரும் சொல்ல முடியாது. சித்திரை முதல் நாளன்று சூரியன் மேஷ இராசியில் நுழைகிறது என்பது நிராயன வரையறைப்படி உண்மை. சமநாள் புள்ளி நகர்ந்தாலும் விண்மீன்களோடு பொருத்தி வைத்த மாதங்கள் நகரக்கூடாது என்று ஒரு சமூகம் முடிவு செய்தால் அது மதிக்கத்தக்க முடிவே. வைகாசி விசாகம், தைப்பூசம், பங்குனி உத்திரம், கார்த்திகைத் தீபம் என்று மாதத்தையும் விண்மீனையும் இணைத்து வைத்த நம் விழாக்கள் அனைத்தும் அந்த முடிவின்மேல் நிற்கின்றன. மாதங்களை முன்னே இழுத்தால், கார்த்திகை மாதத்து முழுநிலவு எப்போதும் கார்த்திகை விண்மீன் அருகே நிற்கும் பொருத்தம் குலைந்துவிடும். ஒன்றைக் காக்க ஒன்றை விட்டே ஆக வேண்டும். இரண்டு ஆண்டுகளையும் ஒரே நாட்காட்டியால் பின்பற்ற இயலாது.

தமிழ்ப் புத்தாண்டு தையா சித்திரையா என்ற விவாதத்திலும் இதையே சொல்ல விரும்புகிறேன். 2008இல் தை முதல் நாளைத் தமிழ்ப் புத்தாண்டாக அறிவித்துச் சட்டம் வந்தது. 2011இல் அது நீக்கப்பட்டது. இரு தரப்பிலும் இலக்கியச் சான்றுகள், பண்பாட்டுச் சான்றுகள் உண்டு. அவற்றுக்குள் நான் போகவில்லை. வானியலைச் சான்றாகக் கொண்டு வரும்போது மட்டும் ஒரு கவனம் தேவை. தையில் சூரியன் வடக்கே திரும்புகிறது என்பதும், சித்திரையில் பகலும் இரவும் சமமாகின்றன என்பதும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருசேர உண்மையாக இருந்தவை; இன்று இரண்டுமே ஒரே அளவு விலகியவை. எந்தத் தரப்பினரும் அவற்றை இன்றைய வானத்தின் சான்றாகக் காட்ட முடியாது.

விலகல் நிற்கப்போவதில்லை. 2100ஆம் ஆண்டு 4ஆல் வகுபட்டாலும் லீப் ஆண்டாகாது. அதனால் இருபத்தோராம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே நிலைகொள்ளத் தொடங்கும் ஏப்ரல் 15, அடுத்த நூற்றாண்டில் சித்திரைப் பிறப்பின் வழக்கமான தேதியாகும்; சில ஆண்டுகளில் 16ஆம் தேதியும் வரும். இன்று தொட்டிலில் இருக்கும் குழந்தைகளில் சிலர் அதைப் பார்ப்பார்கள். கி.பி. 3000 வாக்கில் அது ஏப்ரல் மாதக் கடைசியில் இருக்கும். அந்த ஆண்டுகளிலும் மார்கழி 6இல் சூரியன் திரும்புகிறது என்று எழுதினால் அதுவும் பிழையாகிவிடும்; அப்போது அது கார்த்திகையின் பிற்பகுதிக்குப் போயிருக்கும்.

ஆகவே பஞ்சாங்கம் கணிப்பவர்களிடமும் காலண்டர் அச்சிடுபவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தை முதல் நாளை உத்தராயண புண்ணிய காலமாகவும் ஆடி முதல் நாளைத் தட்சிணாயனமாகவும் மரபுப்படி எழுதுங்கள். அவற்றைச் சார்ந்த வழிபாடுகள் இருக்கின்றன. அதோடு இன்னும் நான்கு தாள்களில் ஒரு சிறு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பங்குனி, ஆனி, புரட்டாசி, மார்கழி ஆகிய நான்கு மாதங்களின் 6 அல்லது 7ஆம் நாளில்தான் இன்றைய சமநாட்களும் அயனத் திருப்பங்களும் வருகின்றன. எந்த நாள், எந்த மணி என்பது திருக்கணிதம் கணிப்பவர்களின் கையில் ஏற்கெனவே இருக்கும் எண்தான். மார்கழி 6ஆம் நாள் தாளில், இராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் கீழே, ‘இன்று நண்பகல் நிழல் ஆண்டிலேயே மிக நீளம்; சூரியன் வடக்கே திரும்புகிறது’ என்று இருந்தால், அதைக் கிழிக்கும் பிள்ளைகளில் ஒருவராவது வாசலில் ஒரு கோலை நட்டு அளந்து பார்ப்பார்.